மரபணு எவ்வளவு வேறுபட்டால் ஒரு மலேரியா கொசு தனிச் சிற்றினம் ஆகும்?

குலசேகரத்திலிருந்து எழுதியிருக்கும் நண்பரின் கேள்வியை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிக்கொள்கிறேன். ஆப்பிரிக்காவில் மலேரியாவைப் பரப்பும் கொசு ஒன்று, வெளித்தோற்றத்தில் எந்த மாற்றமும் இல்லாமலே இரண்டு சிற்றினங்களாகப் பிரிந்துகொண்டிருப்பதாக அவர் படித்திருக்கிறார். மரபணுவில் எத்தனை சதவீதம் வேறுபட்டால் தனிச் சிற்றினம் என்று முடிவு செய்வார்கள், அந்தப் பிரிவு நம் குமரி மாவட்டத்துக் கொசுக்களிலும் நடக்கிறதா, நடந்தால் காய்ச்சல் கூடுமா குறையுமா என்று கேட்கிறார். தம் வீட்டுத் தொழுவத்தில் பிடித்த கொசுவின் படம் ஒன்றையும் இணைத்து, இது எந்த வகை என்றும் கேட்டிருக்கிறார். நான் பூச்சியியல் படித்தவன். தென் மாவட்டங்களில் கொசு பிடித்து, அவற்றின் குரோமோசோம்களைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி நுண்ணோக்கியில் பார்க்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன். முழு மரபணுத் தொகுதிகளைக் கணினியில் ஒப்பிடும் புதிய ஆய்வுகளை நான் வாசித்தே பின்தொடர்கிறேன். அவற்றைச் செய்யும் பயிற்சி எனக்கு இல்லை. கீழே வருவதை அந்த எல்லையோடு வாசிக்க வேண்டுகிறேன்.

முதல் கேள்விக்கு நேரடியான பதில், அப்படி ஒரு சதவீதம் கிடையாது என்பதே. இரண்டு கொசுக் கூட்டங்களின் மரபணுத் தொகுதி மிகச் சிறிய அளவே வேறுபட்டிருந்தாலும் அவை தனித்தனிச் சிற்றினங்களாக இருக்க முடியும். அதைவிட அதிகமாக வேறுபட்ட கூட்டங்கள் ஒரே சிற்றினமாகவும் இருக்க முடியும். இயற்கையில் அவை ஒன்றோடொன்று இணைசேர்கின்றனவா, சேர்ந்தால் பிறக்கும் கலப்புக் குஞ்சுகள் பிழைத்து மேலும் இனம் பெருக்குகின்றனவா, அப்படிப் பெருக்கினாலும் மரபணுத் தொகுதியின் எந்தெந்தப் பகுதிகள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகின்றன, எந்தப் பகுதிகள் போவதில்லை என்பவைதாம் முடிவைத் தருகின்றன. வேறுபாட்டின் மொத்த அளவைக் காட்டிலும் அது எந்த இடத்தில் நிலைத்து நிற்கிறது என்பதே முக்கியம். நண்பர் படித்த ஆப்பிரிக்கக் கதை இதற்கு மிக நல்ல சான்று என்பதால் அதையே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

அனாபிலிஸ் காம்பியே என்ற பெயரில் ஒரே கொசுவாகக் கருதப்பட்டது உண்மையில் ஒரு குழு என்பது 1960களில் நடந்த கலப்பினச் சோதனைகளில் உறுதியானது. வெவ்வேறு இடத்துக் கொசுக்களைக் கூண்டில் சேர்த்து வளர்த்தபோது, சில இணைகளுக்குப் பிறந்த ஆண் கொசுக்கள் மலடாக இருந்தன. பெண் கொசுக்கள் முட்டையிட்டன. கலப்பினத்தில் எந்தப் பாலுக்கு இருவேறு பால் குரோமோசோம்கள் உள்ளனவோ அந்தப் பாலே முதலில் மலடாகும் அல்லது அழியும் என்பது 1922இல் பிரிட்டிஷ் மரபியல் அறிஞர் ஜே. பி. எஸ். ஹால்டேன் சொன்ன விதி. கொசுக்களில் அது ஆண். 1957இல் இந்தியாவுக்கு வந்து, கல்கத்தாவிலும் பிறகு புவனேசுவரத்திலும் பணியாற்றி, இங்கேயே மறைந்த அதே ஹால்டேன்தான் இவர். அந்த விதி மலேரியா கொசுக்களில் இவ்வளவு தெளிவாகப் பொருந்தி வருவதை நம் ஊர் விலங்கியல் வகுப்புகளில் போதிய அளவு சொல்லிக்கொடுப்பதில்லை என்பது என் வருத்தம். இன்று அந்தக் குழுவில் எட்டுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் பெயரிடப்பட்டுள்ளன. அவற்றுள் சில உப்பங்கழியில் வளர்பவை. சில மாட்டையே நாடுபவை. காம்பியே, அராபியென்சிஸ் போன்றவை மனிதருக்குப் பெருங்கேடு செய்பவை.

அந்தக் குழுவுக்குள்ளேயே, காம்பியே என்று சுருக்கி வரையறுக்கப்பட்ட சிற்றினமும் ஒன்றாக இல்லை என்பதை இத்தாலிய அறிஞர் மரியோ கொலுட்சியும் அவருடைய குழுவினரும் 1970, 80களில் மேற்கு ஆப்பிரிக்கக் கொசுக்களின் குரோமோசோம்களைப் பார்த்துக் காட்டினார்கள். குரோமோசோமில் ஒரு துண்டு அறுந்து, தலைகீழாகத் திரும்பி, மறுபடி அதே இடத்தில் ஒட்டிக்கொள்வது உண்டு. அப்படித் திரும்பிய துண்டும் திரும்பாத துண்டும் ஒரே கொசுவில் இணையாக இருந்தால், அந்த நீளத்தில் மரபணுக்கள் இடம் மாறிக் கலப்பது பெரும்பாலும் நின்றுவிடும். ஆகவே வறண்ட இடத்தில் பிழைக்க உதவும் பல மரபணுக்கள் அந்தத் துண்டுக்குள் இருந்தால், அவை பிரியாமல் ஒரே கட்டாகத் தலைமுறை தலைமுறையாகப் போகும். இரண்டாம் குரோமோசோமின் இடக்கையில் உள்ள ஒரு பெரிய தலைகீழ்த் துண்டு, ஈரமான காட்டுப் பகுதியிலிருந்து வறண்ட புல்வெளியை நோக்கிப் போகப் போக அதிகமாகக் காணப்படுவது இதனால்தான். மாலி நாட்டின் மோப்தி என்ற ஊர்ப் பெயரையும் சவானா என்ற புல்வெளிப் பெயரையும் கொண்டு வகைகள் குறிக்கப்பட்டன. பிறகு, எக்ஸ் குரோமோசோமில் உள்ள ரைபோசோம் மரபணுப் பகுதியில் நிலையான வேறுபாடு தெரிந்ததும், அவற்றின் முதலெழுத்தால் எம் வடிவம், எஸ் வடிவம் என்ற பிரிவு வந்தது. மோப்தி, சவானா வகைகளும் எம், எஸ் வடிவங்களும் எல்லா நாட்டிலும் ஒன்றுக்கு ஒன்று பொருந்துவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த இரு வடிவங்களையும் ஆய்வுக்கூடத்தில் சேர்த்தால் ஆணும் பெண்ணும் மலடாவதில்லை. ஆனால் மாலியில் ஒரே ஊரில் இரண்டும் பறக்கும் இடங்களில் கலப்புக் கொசுக்கள் நூற்றில் ஒன்றுக்கும் குறைவாகவே அகப்பட்டன. மலட்டுத்தன்மை இல்லாமல் எது அவற்றைப் பிரித்து வைக்கிறது? அந்தி வேளையில் ஆண் கொசுக்கள் கூட்டமாகப் பறக்கும் இடத்துக்குப் பெண் வந்து இணைசேர்கிறது. மாலியில் இரு வடிவங்களின் கூட்டங்களும் பெரும்பாலும் தனித்தனி இடங்களில் எழும்புகின்றன. புழுப் பருவத்தில், எஸ் வடிவம் மழைக்குப் பிறகு சில நாள் மட்டும் தேங்கும் குட்டைகளுக்குப் பொருந்தியது. எம் வடிவம் நெல்வயல், பாசன வாய்க்கால் போன்று மாதக்கணக்கில் நிற்கும், பகைப்பூச்சிகள் குடியேறிய நீரிலும் பிழைக்கக் கற்றது. இவை இரண்டும் நன்கு நிறுவப்பட்டவை. சிறகடிக்கும் ஒலியின் சுருதியை வைத்துத் தன் வடிவத்தைக் கொசு அடையாளம் காண்கிறது என்ற கருத்தும் உண்டு. அதற்கு ஆதரவான சோதனை முடிவுகள் வந்திருந்தாலும், திறந்த வெளியில் அதுதான் தீர்மானிக்கிறது என்று சொல்லத் துணியமாட்டேன். தவிர, மாலியின் கதை எல்லா இடத்துக்கும் பொருந்தாது. கினி-பிசாவில் கலப்புக் கொசுக்கள் நூற்றில் இருபது வரை பதிவாயின; காம்பியா நாட்டில் நூற்றில் ஏழு அளவில். ஒரே எல்லை ஓரிடத்தில் கெட்டியாகவும் வேறோரிடத்தில் தளர்ந்தும் இருக்கிறது.

சதவீதக் கேள்விக்கு இனி வருகிறேன். 2005இல் டர்னர், ஹான், நுஸ்டின் ஆகியோர் இந்த இரு வடிவங்களின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு, வேறுபாடு மூன்று சிறு பகுதிகளில்தான் குவிந்திருக்கிறது, மற்ற இடமெல்லாம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது என்று வெளியிட்டார்கள். ஏறத்தாழ 27 கோடிக்கும் மேற்பட்ட டி.என்.ஏ. எழுத்துக்கள் கொண்ட தொகுதியில் அந்தப் பகுதிகள் ஏறக்குறைய 28 லட்சம் எழுத்துக்களே. அவற்றுக்குச் சிற்றினத் தோற்றத் தீவுகள் என்று பெயர் வைத்தார்கள். சிற்றினத்தைப் பிரிக்கும் மரபணுக்கள் இந்தத் தீவுகளுக்குள் இருக்கின்றன, சுற்றியுள்ள கடலில் மரபணு ஓட்டம் தடையின்றி நடக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். பல துறையினர் அந்தச் சித்திரத்தை எடுத்துக்கொண்டார்கள். 2010இல் முழுத் தொகுதிகளை இன்னும் நெருக்கமாகப் பார்த்தபோது, வேறுபாடு தீவுகளில் மட்டும் இல்லை, தொகுதி முழுவதும் பரவிக் கிடக்கிறது என்று தெரிந்தது. அதன் பிறகே, 2013இல், எம் வடிவத்துக்கு அனாபிலிஸ் கொலுட்சி என்று முறைப்படி பெயர் சூட்டப்பட்டது. முந்தைய ஆண்டில் மறைந்த கொலுட்சியின் நினைவாக வைத்த பெயர் அது. எஸ் வடிவம் பழைய காம்பியே பெயரைத் தக்கவைத்துக்கொண்டது. 2002இல் உலகமே கொண்டாடிய முதல் காம்பியே மரபணு வரைபடத்துக்குப் பயன்பட்ட கொசு வளர்ப்பு, எம், எஸ் இரண்டும் கலந்தது என்பது பின்னால்தான் புரிந்தது. பிரிந்துகொண்டிருக்கும் இரண்டைக் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

தீவுகள் ஏன் அவ்வளவு துருத்திக்கொண்டு தெரிந்தன என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. அந்தப் பகுதிகள் பெரும்பாலும் குரோமோசோமின் சென்ட்ரோமியரை, அதாவது செல் பிரியும்போது குரோமோசோம் பிடித்து இழுக்கப்படும் இறுகிய இடத்தை, ஒட்டியவை. அங்கே மரபணுக்கள் இடம் மாறிக் கலப்பது இயல்பாகவே குறைவு. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் வேறுபாட்டு அளவு, இரு கூட்டங்களுக்கு இடையிலான வேற்றுமையை ஒவ்வொரு கூட்டத்துக்கு உள்ளே இருக்கும் வேற்றுமையோடு ஒப்பிட்டுச் சொல்வது. உள்ளே இருக்கும் வேற்றுமை ஏதோ காரணத்தால் சுருங்கிவிட்டால், இடையில் உள்ள வேற்றுமை கூடாமலேயே அந்த எண் பெரிதாகிவிடும். 2014இல் இந்த ஐயத்தை விரிவாக எழுப்பியவர்களுள் 2005 ஆய்வின் ஆசிரியர்களில் ஒருவரான ஹானும் இருந்தார். தம்முடைய பழைய முடிவையே அவர் மறுபடி அளந்து பார்த்தது அறிவியலில் நான் மிகவும் மதிக்கும் செயல். எக்ஸ் குரோமோசோமின் சென்ட்ரோமியர்ப் பகுதி இரு சிற்றினங்களையும் அடையாளம் காட்டுகிறது என்பது உறுதி. அந்தப் பகுதியில் உள்ள எந்த மரபணு அவற்றைப் பிரித்து நிறுத்துகிறது என்பது இன்னும் உறுதி இல்லை.

எல்லை எவ்வளவு கசிகிறது என்பதைக் காட்டிய நிகழ்வு ஒன்று, மலேரியா ஒழிப்பில் இருப்பவர்கள் கட்டாயம் அறிய வேண்டியது. பைரத்ராய்டு மருந்து ஊட்டிய கொசுவலைகள் ஆப்பிரிக்கா முழுவதும் பரவியபோது, கொசுவின் நரம்புச் செல்லில் உள்ள சோடியம் வாயில் புரதத்தின் 1014ஆம் இடத்தில் லூசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் ஃபினைல்அலனின் வந்து அமர்ந்த வகைகள் பிழைத்துக்கொண்டன. மருந்து பட்டும் அவை மயங்கி விழுவதில்லை. இந்த மாற்றம் முதலில் எஸ் வடிவத்தில் பெருகி, பிறகு கலப்பின் வழியே கொலுட்சிக்குள் புகுந்தது. கானாவில் 2014இல் வெளியான ஆய்வு இதை எழுத்து எழுத்தாகக் காட்டியது. அந்த மரபணு இருப்பது இரண்டாம் குரோமோசோமின் சென்ட்ரோமியர் அருகே, அதாவது முன்பு தீவு என்று சொல்லப்பட்ட இடத்தில். மருந்தை எதிர்க்கும் மரபணு புகுந்தபோது அந்தத் தீவு முழுவதுமே எஸ் வடிவத்தின் தீவாக மாறிவிட்டது. அப்படியும் கொலுட்சி கொலுட்சியாகவே நிற்கிறது. ஆகவே அந்தத் தீவு சிற்றினங்களைப் பிரித்து வைக்க இன்றியமையாதது அல்ல என்று தெளிவானது. நம் நாஞ்சில் நாட்டு வயலில் இரண்டு பேருடைய பூமிக்கு நடுவே வரப்பு இருந்தாலும் மடை திறந்த இடத்தில் தண்ணீர் மறுபக்கம் பாய்வது போல, சிற்றின எல்லையிலும் சில இடம் திறந்தும் சில இடம் அடைத்தும் இருக்கிறது; எங்கே திறக்கும் என்பதை நாம் தெளிக்கும் மருந்தே ஓரளவு முடிவு செய்கிறது.

காம்பியேயும் அராபியென்சிஸும் இதைவிட விலகிய சிற்றினங்கள். அவற்றின் கலப்பு ஆண்கள் மலடு. ஆனால் கலப்புப் பெண் முட்டையிடுவதால் அவள் வழியாக மரபணு கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. 2015இல் வெளியான பெரிய ஒப்பீட்டில், மரபணுத் தொகுதியின் பெரும்பகுதியை வைத்துப் பார்த்தால் இவை இரண்டும் நெருங்கிய உறவாகத் தோன்றின; எக்ஸ் குரோமோசோமை வைத்துப் பார்த்தால் வேறு உறவு தெரிந்தது. பெரும்பகுதி காட்டியது பிற்காலக் கசிவை, எக்ஸ் காட்டியது பழைய பிறப்பு முறையை என்று அந்த ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். ஹால்டேன் விதியோடு இது நன்றாகவே பொருந்துகிறது, ஏனென்றால் மலட்டுத்தன்மைக்குக் காரணமான மரபணுக்கள் எக்ஸில் அதிகம் இருப்பின் அந்தக் குரோமோசோம் எல்லையைத் தாண்டுவது கடினம். ஆனால் எது எதற்கு முன் பிரிந்தது, எத்தனை லட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தது என்ற கணக்குகள் கணக்கிடும் முறைக்கு ஏற்ப மாறுகின்றன. அந்த ஆண்டுகளை நான் யாருக்கும் உறுதியாகச் சொல்வதில்லை. 2017இல் வெளியான, காம்பியே கொசுக்களுக்கான ஆயிரம் மரபணுத் தொகுதித் திட்டத்தின் முதல் கட்டம் எட்டு நாடுகளில் பிடித்த 765 கொசுக்களில் ஐந்து கோடிக்கும் மேற்பட்ட எழுத்து மாற்றங்களைக் கண்டது. அதில் கினி-பிசாவு, காம்பியா, கென்யக் கடற்கரைக் கொசுக்களை இரண்டு பெயருள் எதில் சேர்ப்பது என்பதே தெளிவாகவில்லை.

இனி நம் ஊர். ஆப்பிரிக்கக் காம்பியே நம்மிடம் இல்லை. நம் மாவட்டத்தில் மலேரியாவின் கண்ணோட்டத்தில் கவனிக்க வேண்டியவை அனாபிலிஸ் கூலிசிஃபேசிஸ், ஸ்டீபென்சி, ஃப்ளூவியாட்டிலிஸ், சப்பிக்டஸ் ஆகியவை. நான்கிலும் இதே போன்ற மறைந்த பிரிவுகள் உண்டு. ஆனால் ஆப்பிரிக்காவுக்கும் நமக்கும் ஒரு முக்கியமான வேறுபாட்டை நண்பர் மனதில் கொள்ள வேண்டும். காம்பியே, கொலுட்சி இரண்டுமே மலேரியாவைத் தீவிரமாகப் பரப்புபவை. அங்கே பிரிவு என்பது எந்தப் பருவத்தில், எந்த நீரில், எந்த மருந்துக்கு எதிர்ப்போடு என்பதை மாற்றுகிறது. இங்கே கூலிசிஃபேசிஸில் பிரிவு என்பது பரப்புமா பரப்பாதா என்பதையே மாற்றுகிறது.

இந்தியாவின் ஊர்ப்புற மலேரியாவில் பெரும்பங்கு கூலிசிஃபேசிஸால் வருவது. 1980இல் கிரீனும் மைல்ஸும் வட இந்தியக் கொசுக்களின் எக்ஸ் குரோமோசோமில் இரண்டு விதத் தலைகீழ் அமைப்புகள் ஒரே ஊரில் இருந்தும், இரண்டும் கலந்த பெண் கொசு ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனித்தார்கள். தாராளமாக இணைசேரும் ஒரே கூட்டமாக இருந்தால் கலந்தவை கட்டாயம் இருக்க வேண்டும்; இல்லாததால் ஏ, பி என்ற இரு சிற்றினங்கள் என்று முடிவு செய்தார்கள். அந்த வழியில் எஸ். கே. சுப்பாராவும் அவருடைய குழுவினரும் சி, டி இரண்டையும் கண்டுபிடித்தார்கள். பி சிற்றினம் மாட்டையே பெரிதும் நாடுவது, மலேரியா ஒட்டுண்ணிக்கு எளிதில் இடம் கொடுக்காதது, ஆகவே மலேரியாவில் அதன் பங்கு மிகச் சிறியது என்பது பல மாநிலங்களில் உறுதியானது. அப்போது எழுந்த புதிர்தான் இராமேசுவரம். அந்தத் தீவில் பிடித்த கூலிசிஃபேசிஸ் எல்லாம், முட்டை வளரும் இடத்துச் செல்களில் தடித்துத் தெரியும் பெரிய குரோமோசோம்களைப் பார்த்தால் பி ஆகவே இருந்தன. ஆனால் மலேரியா குறையாமல் இருந்தது, அதே கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் ஒட்டுண்ணியும் அகப்பட்டது.

அதை அவிழ்த்த விதம் இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு. ஆண் கொசுவின் ஒய் குரோமோசோமில் சென்ட்ரோமியர் ஓரத்தில் இருப்பது ஒரு வகை, நடுவுக்கு அருகில் இருப்பது இன்னொரு வகை. ஆனால் கடிப்பது பெண், பெண்ணுக்கு ஒய் கிடையாது. ஆகவே பிடித்த ஒவ்வொரு பெண் கொசுவையும் தனித்தனியாக முட்டையிட வைத்து, அதன் ஆண் குஞ்சுகளின் ஒய்யைப் பார்த்து, தாயின் சுரப்பியில் ஒட்டுண்ணி இருந்ததா என்பதோடு ஒப்பிட்டார்கள். நடுவுக்கு அருகில் சென்ட்ரோமியர் கொண்ட ஒய் உள்ள மகன்களைப் பெற்ற தாய்களிடமே ஒட்டுண்ணி இருந்தது. மற்ற வகைத் தாய்கள் உண்மையான பி. இப்படி 1999இல் இ என்ற ஐந்தாவது சிற்றினம் வெளிப்பட்டது. இலங்கையிலும் பி, இ இரண்டும் இருப்பதும், அங்கே மலேரியாவைப் பரப்பியது இ என்பதும் பின்னர் தெரியவந்தன. 2016இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்று இலங்கைக்குச் சான்றளித்தது. ஆனால் கொசு அங்கே இன்னும் இருக்கிறது.

இங்கே நண்பரின் சதவீதக் கேள்வி மறுபடி வருகிறது. ரைபோசோம் மரபணுக்களுக்கு நடுவே உள்ள, சிற்றினம் பிரிக்க வழக்கமாகப் பயன்படும் துண்டை வைத்துப் பார்த்தால், ஏ, டி ஒரு பக்கமும் பி, சி, இ மற்றொரு பக்கமும் சேர்ந்து நிற்கின்றன. பி, இ இரண்டையும் அது பிரித்துக் காட்டுவதில்லை. மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள வேறொரு மரபணுவின் சில எழுத்துக்களை வைத்துத்தான் ஆய்வுக்கூடத்தில் பிரிக்கிறார்கள். அதாவது மரபணு அளவில் ஏறக்குறைய ஒன்றாகத் தோன்றும் இரண்டு கொசுக்களில் ஒன்று மலேரியாவைப் பரப்புகிறது, மற்றொன்று ஏறத்தாழப் பரப்புவதில்லை. சதவீதத்தை வைத்து முடிவு செய்திருந்தால் இராமேசுவரத்துப் புதிர் அவிழ்ந்தே இருக்காது.

நம் மாவட்டத்தில் பேச்சிப்பாறை வாய்க்கால்களிலும் வயலோரப் பள்ளங்களிலும் வளரும் கூலிசிஃபேசிஸ் பகலில் மாட்டுத் தொழுவத்துச் சுவரில் உட்கார்ந்திருக்கும். தொழுவத்தில் அதிகம் அகப்படுகிறது என்பதால் அது மாட்டை மட்டும் கடிக்கும் பி என்று எடுத்துக்கொள்வது தவறு. வீட்டுக்குள் கடித்த கொசுவும் தொழுவத்தில் ஓய்வெடுக்கும். இராமேசுவரத்திலும் மன்னார் வளைகுடாவுக்கு அப்பாலும் இ இருப்பதால் இங்கும் அது இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமே. ஆனால் எதிர்பார்ப்பு சான்று ஆகாது, ஊர் வாரியாகச் சோதித்தே சொல்ல வேண்டும். மலையடிவார ஓடைகளில் ஓடும் நீரின் ஓரத்தில் வளரும் ஃப்ளூவியாட்டிலிஸிலும் எஸ், டி, யு (S, T, U) என்று குறிக்கப்படும் பிரிவுகள் உண்டு. எஸ் மனிதரை நாடுவது, கடுமையாகப் பரப்புவது. மற்ற இரண்டும் மாட்டை நாடுபவை. மணக்குடிக் காயல் ஓரத்திலும் புத்தளம் உப்பளப் பக்கத்திலும் உப்புநீர்த் தேக்கங்களில் தேட வேண்டியது சப்பிக்டஸின் கடலோரப் பிரிவு. அதன் முட்டை மிதவையில், அதாவது முட்டையை மிதக்க வைக்கும் பக்கவாட்டுக் காற்றறையில், உள்ள வரிகளின் எண்ணிக்கை நன்னீர்ப் பிரிவுகளினின்றும் வேறுபடும். ரப்பர் தோட்டத்துச் சிரட்டைகளில் நெளியும் புழுக்களைப் பார்த்து மலேரியாவுக்கு அஞ்சுபவர்கள் பலர். அவை பெரும்பாலும் டெங்கு, சிக்குன்குனியா பரப்பும் ஏடிஸ் வகை. அவற்றைக் கவிழ்த்து வைப்பது கட்டாயம் வேண்டியதே, காரணம் மட்டும் வேறு.

ஸ்டீபென்சியில் நிலைமை தெளிவு குறைந்தது. நகரத்துக் கிணறு, மேல்நிலைத் தொட்டி, கட்டுமான இடத்துச் சிமெண்ட் தொட்டி ஆகியவற்றில் வளரும் இந்தக் கொசுவை, முட்டை மிதவையின் வரி எண்ணிக்கையைக் கொண்டு மூன்று வகைகளாகப் பிரிப்பார்கள். வரி மிகுந்தது நகரத்தில் மனிதரை நாடுவது, மலேரியா பரப்புவது. வரி குறைந்த மைசோரென்சிஸ் ஊர்ப்புறத்தில் மாட்டை நாடுவது என்பது இந்தியாவில் நெடுநாள் அனுபவம். இவை தனிச் சிற்றினங்களா, ஒரே சிற்றினத்தின் வேறுபாடுகளா என்பதில் அறிஞர்கள் ஒன்றுபடவில்லை. மோப்பப் புரத மரபணு ஒன்றின் துண்டை வைத்து மூன்றும் தனிச் சிற்றினங்கள் என்று ஈரானில் சொன்னார்கள். அந்த அடையாளம் வகைகளோடு பொருந்துவதில்லை என்று இந்திய ஆய்வாளர்கள் மறுத்தார்கள். மறுப்பின் பக்கமே எனக்குச் சாய்வு, ஏனென்றால் ஒற்றைத் துண்டு ஒன்றை வைத்துச் சிற்றினம் பிரிப்பது எவ்வளவு வழி தவறும் என்பதை ஆப்பிரிக்கத் தீவுகளே காட்டிவிட்டன. இந்த ஐயம் தீராத நிலையிலேயே ஸ்டீபென்சி 2012இல் ஜிபூட்டியிலும், 2016இல் எத்தியோப்பியாவிலும், அதே ஆண்டு நமக்கு எதிர்க்கரையான இலங்கையின் மன்னாரிலும் போய் அமர்ந்துவிட்டது.

அப்படியானால் காய்ச்சல் கூடுமா? சிற்றினம் பிரிவது ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நடப்பது. அதனால் அடுத்த மழைக்காலத்தில் மலேரியா கூடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. மருந்தை எதிர்க்கும் மரபணு ஒரு சிற்றினத்திலிருந்து மற்றொன்றுக்குக் கசிவது சில ஆண்டுகளிலேயே நடக்கும். அதைத்தான் கண்காணிக்க வேண்டும். நான் பார்த்தவரை நம் மாவட்டத்தில் தென்படும் மலேரியாவில் கணிசமானது, தங்குகடல் மீன்பிடிக்கு மங்களூர், கோவா, குஜராத் பக்கம் போய்த் திரும்புபவர்களிடமும், தோட்ட வேலைக்கும் கட்டட வேலைக்கும் வட மாநிலங்களிலிருந்து வருபவர்களிடமும் காணப்படுவது. நோய் அவர்களோடு வந்து சேர்ந்த வீட்டுக்குப் பக்கத்தில் பறப்பது பி ஆக இருந்தால் அது அந்த வீட்டோடு பெரும்பாலும் நின்றுவிடும். இ ஆகவோ நகர வகை ஸ்டீபென்சியாகவோ இருந்தால் தெரு முழுவதும் பரவ வாய்ப்புண்டு. 2030க்குள் மலேரியாவை ஒழிப்பது என்று நாடு குறிக்கோள் வைத்திருக்கும்போது, எந்த ஊரில் மருந்தடிப்பை முதலில் செய்வது என்பதைக் கொசுவின் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு செய்வது போதாது என்பது என் உறுதியான கருத்து. ரத்தப் பரிசோதனையில் ஒருவருக்கு மலேரியா உறுதியானதும், அந்த வீட்டைச் சுற்றிப் பிடிக்கும் கொசுக்களின் சிற்றினத்தையும் சேர்த்துச் சோதிப்பது வழக்கமாக வேண்டும்.

நண்பர் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். பின்பகுதியைத் தூக்கிச் சாய்வாக உட்கார்ந்திருப்பதால் அது அனாபிலிஸ் என்று சொல்லலாம். இறக்கையின் புள்ளிகளும் உணர்நீட்சியின் பட்டைகளும் தெளிவாக இருந்தால் கூலிசிஃபேசிஸா ஸ்டீபென்சியா என்பது வரை சொல்ல முடியும். அதற்குள் இருக்கும் சிற்றினத்தை எந்தப் படமும் காட்டாது. மரபணுச் சோதனைக்கு ஒவ்வொரு கொசுவையும் தனித்தனிச் சிறு குப்பியில், அடியில் சிலிக்கா ஜெல்லும் அதன் மேல் பஞ்சும் வைத்து, உலர்ந்த நிலையில் மூடி, பிடித்த நாள், ஊர், வீடா தொழுவமா என்பதைப் பென்சிலால் எழுதி வைத்தால் போதும். குரோமோசோம் பார்க்க வேண்டுமானால் ரத்தம் குடித்து முட்டை பாதி வளர்ந்த, வயிறு பாதி சிவந்தும் பாதி வெளுத்தும் இருக்கும் பெண் கொசுவை உயிரோடு பிடித்து, ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் மூன்று பங்கு ஆல்கஹாலும் கலந்த புதுக் கரைசலில் உடனே போட வேண்டும். அதை வீட்டில் செய்வதைவிட, நாகர்கோவிலில் மாவட்ட மலேரியா அலுவலகத்தில் பூச்சியியல் பிரிவில் இருப்பவர்களிடம் சொல்லி அவர்களை வரவழைப்பது நல்லது. அவர்கள் வழியாக மதுரையிலோ புதுச்சேரியிலோ உள்ள ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வுக்கூடத்துக்கு மாதிரிகளை அனுப்பிவைக்க முடியும்.